நான்காவது முறையாக எழுதுகிறேன்: அந்த 2018 கார்டு தப்பு

அனுப்புநர்:
தெரு நலச் சங்கக் கலைநிகழ்ச்சிப் பொறுப்பாளர், புதுக்கோட்டை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சூப்பர் சிங்கர் வினாடி வினாப் பெட்டியில் விடைகள் தவறு – பணத்தைத் திருப்பித் தரவும் மன்னிப்புக் கடிதம் வழங்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல் வந்தது. அதனால் இந்த முறை பதிவுத் தபால். யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

பெட்டியில் மஞ்சள் கார்டுக் கட்டுக்குள் இருக்கும் 2018 கார்டைத்தான் சொல்கிறேன். விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் பாட்டுப் போட்டியைப் பற்றி, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக நீங்களே அடித்து விற்கிற கார்டு. அதன் பின்பக்கத்தில் "ரக்ஷிதா" என்று அச்சடித்திருக்கிறீர்கள். கேள்வி, ஆறாவது சீசனின் டைட்டில் வின்னர் யார் என்பது.

ஐயா, நான் இருப்பது புதுக்கோட்டை. செந்தில் கணேஷ் எங்கள் மாவட்டத்துக்காரர். 2018 ஜூலையில் ஃபைனல் நடந்த அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட அடுப்பு எரியவில்லை, எல்லாரும் டிவி முன்னால்தான். நாட்டுப்புறப் பாட்டையே பாடிப் பாடி ஃபைனல் வரைக்கும் வந்து, ஐம்பது லட்ச ரூபாய் வீட்டையும் ஜெயித்தவர். அவர் மனைவி ராஜலட்சுமியும் அதே சீசனில் பாடியவர். ரக்ஷிதா இரண்டாமிடம், மாளவிகா மூன்றாமிடம். ரக்ஷிதா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அருமையான குரல். ஆனால் இரண்டாமிடம் இரண்டாமிடம்தானே?

மாட்டுப்பொங்கல் சாயங்காலம் எங்கள் திடலில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்டது நான். மகளிர் குழு ஒரு பக்கம், இளைஞர் அணி ஒரு பக்கம், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சமம். கடைசிக் கேள்வியாக உங்கள் கார்டை உருவினேன். கேள்வியைப் படித்ததும் கூட்டமே சிரித்தது. எங்கள் ஊரில் நின்று கேட்கிற கேள்வியா அது? மகளிர் குழுவில் நாலு பேரும் ஒரே குரலில் "செந்தில் கணேஷ்" என்றார்கள். நான் கார்டைத் திருப்பினேன். தவறு என்றேன். எதிரணிப் பையன், "அவரு இல்லன்னா அந்தப் பொண்ணுதான்" என்று குத்துமதிப்பாக ரக்ஷிதா பெயரைச் சொன்னான். பரிசாக வைத்திருந்த மிக்ஸி அவன் அணிக்குப் போனது.

எனக்கு விடை தெரியாதா? நன்றாகத் தெரியும். வீட்டில் இருந்த மூன்று போனிலும் ஓட்டுப் போட்டவள் நான். ஆனால் உங்கள் விதிமுறைத் தாளில் ஒன்பதாவது வரி என்ன சொல்கிறது? "கார்டின் பின்புறம் உள்ள விடையே இறுதியானது." அச்சில் வந்தால் சரியாக இருக்கும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை ஐயா நாங்கள். என் கண்ணையே சந்தேகப்பட்டேன், உங்கள் கார்டைச் சந்தேகப்படவில்லை. அன்றிலிருந்து "காசு வாங்கிட்டு ஜட்ஜ்மென்ட் சொன்னவ" என்று எனக்குப் பெயர். மகளிர் குழுத் தலைவி என் நாத்தனார். தை போய் மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது, இன்னும் அவர் என்னோடு பேசவில்லை. இருபத்திரண்டு வருஷ மரியாதை ஒரு கார்டில் போயிற்று. இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

நீங்கள் போட்ட விலையும் தெரியும். அடுத்த பெட்டிக்கு நூறு ரூபாய் தள்ளுபடி கூப்பன்! அடுத்த பெட்டியில் யாரை ஜெயிக்க வைக்கப் போகிறீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள், அதையும் சொல்கிறேன். சென்னை அம்பத்தூரில் உங்கள் ஆபீஸ் வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் மட்டும் என்னை மனுஷியாக நடத்தினார்.

ஆமாம், அம்பத்தூருக்கும் வந்தேன். "பெட்டியை நேரில் கொண்டு வந்தால் உடனே மாற்றித் தருவோம்" என்று போனில் சொன்னது உங்கள் ஆள்தான். ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். "இங்க குடோன் மட்டும்தாம்மா, கஸ்டமர் கேர் எல்லாம் பெங்களூர்ல" என்றார் அந்தச் செக்யூரிட்டி அண்ணன். டீ வாங்கிக் கொடுத்தார். கார்டைக் காட்டினேன். பார்த்த உடனே, "என்னம்மா இது, செந்தில் கணேஷ்தானே ஜெயிச்சாரு?" என்றார். வாசலில் நிற்கிறவருக்குத் தெரிந்தது உள்ளே உட்கார்ந்து அச்சடித்தவருக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்னாடி கஸ்டமர் கேரில் போனில் பேசிய பெண்மணியை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெயர் சொல்லவில்லை, "ரெகார்டிங்கில் இருக்கிறது" என்று அவரே சொன்னார், எடுத்துக் கேளுங்கள். நாற்பது நிமிஷம் காத்திருக்க வைத்துவிட்டு, "மேடம், இது என்ன டிஎன்பிஎஸ்சி கொஸ்டினா? கேம்தானே, யார் ஜெயிச்சா என்ன?" என்றார். யார் ஜெயித்தது என்று கேட்பதற்காகவே ஒரு பெட்டி போட்டு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, யார் ஜெயித்தால் என்ன என்கிறீர்கள். அப்புறம் ஆப்பை அப்டேட் செய்யச் சொன்னார். அட்டையில் அச்சடித்தது எந்த அப்டேட்டில் அம்மா மாறும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் மொத்தப் பெட்டியையும் உட்கார்ந்து பார்த்தேன். பச்சைக் கார்டுக் கட்டுக்குள்ளும் இதே கதை. சின்னப் பிள்ளைகள் பாடும் ஜூனியர் நான்காவது சீசனில், 2015இல், ஜெயித்த ஸ்பூர்த்தியைக் கனடா என்று போட்டிருக்கிறீர்கள். கனடாவிலிருந்து வந்தது இரண்டாமிடம் பெற்ற ஜெசிக்கா. பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுக்கிறேன் என்று மேடையிலேயே சொன்ன பிள்ளை. அதைப் பார்த்து அழாத வீடு உண்டா? அந்தப் பிள்ளையின் ஊரைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். 2012 ஜூனியரில் பிரகதி முதலிடமாம். ஜெயித்தது ஆஜித்.

பெரியவர்கள் பாடிய மூன்றாவது சீசனுக்குச் சத்யபிரகாஷ் என்று போட்டதை மட்டும் மன்னிக்கலாம். ஜெயித்தது சாய்சரண்தான், ஆனால் பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் சத்யபிரகாஷ் என்றுதான் சொல்வார்கள். பின்னாடி "ஆளப்போறான் தமிழன்" பாடி எல்லார் வாயிலும் நுழைந்துவிட்டார். அதே பாட்டில் அதே சீசன் பூஜாவும் பாடியிருக்கிறார். இந்த நிகழ்ச்சியில் கோப்பை ஒருவருக்கும் பேர் இன்னொருவருக்கும் போவது புதுசில்லை. ஆனால் அது ஜனங்களின் ஞாபகம், போகட்டும். விடை என்று காசுக்கு விற்கிற நீங்கள் சரிபார்க்க வேண்டாமா? 2006இல் ஜெயித்த நிகில் மேத்யூவைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

டிவிக்காரர்களுக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று உங்கள் ஆளே போனில் சொல்லிவிட்டார். ஆகவே அவர்கள் மேல் பழியைப் போட முடியாது. தப்பு உங்களுடையது மட்டும்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்டியின் விலை, அம்பத்தூர் போய்வந்த செலவு, மகளிர் குழுவுக்கு நான் கைக்காசில் வாங்கிக் கொடுத்த மிக்ஸியின் விலை. (வாங்கிக் கொடுத்தேன். நாத்தனார் தவிர மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.) எல்லாவற்றையும்விட, உங்கள் லெட்டர்பேடில், சீல் வைத்து, எங்கள் சங்கத்துக்கு ஒரு கடிதம்: கார்டில் இருந்தது அச்சுப்பிழை, கேள்வி கேட்டவர் மேல் தவறில்லை என்று. பணம் தாமதமானால்கூடப் பொறுப்பேன். கடிதம் சித்திரை முதல் தேதிக்குள் வர வேண்டும். அன்று சங்கக் கூட்டம்.

வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்வேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் வருஷச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் நானே பேசவும் செய்யலாம். நான் அம்பத்தூர் வந்தது போதும், இந்த முறை நீங்கள் புதுக்கோட்டைக்கு வாருங்கள். கேள்வியையும் அங்கேயே கேட்கிறேன், 2018இல் யார் ஜெயித்தது என்று. எங்கள் ஊர்க் கோர்ட்டில் நின்று ரக்ஷிதா என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்றுதான் ஆசைப்படுகிறேன். தயவுசெய்து இதையாவது முழுசாகப் படிக்கவும்.

இணைப்பு: பில் நகல், பஸ் டிக்கெட்டுகள், 2018 கார்டின் இரு பக்க நகல். அசல் கார்டு என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
தெரு நலச் சங்கக் கலைநிகழ்ச்சிப் பொறுப்பாளர்
(போன வாரத்திலிருந்து முன்னாள்)