கூரை ஒழுகவில்லை, வாசுகி

சிங்கப்பூர்
மார்ச் 9

அன்புள்ள வாசுகி,

தைப்பூசத்துக்கு முன்னாலேயே எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பங்குனி பிறக்கப்போகிற நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். கண்ணாடி மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மஞ்சள் வாளி இன்னும் இருக்கிறது, கைப்பிடி மட்டும் புதுசு.

ஈப்போ சத்சங்க மையத்தில் பராமரிப்புப் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்காகவே இதைச் சொல்ல வேண்டும். இங்கே நம் மையத்தின் மேல்மாடித் தியானக் கூடத்தில், படத்துக்கு இடப்புறம், சீலிங்கில் ஒரு கறை வந்தது. டிசம்பர் மழையில் சாப்பாட்டுத் தட்டளவு. ஜனவரியில் முறம் அளவு. கடைவீடு பழசு, ஓட்டுக் கூரை, மழைக்காலம் வேறு. கூரை ஒழுகுகிறது என்று ஒரே மனதாக முடிவு கட்டி, ஓடு மாற்றக் கொட்டேஷனும் வாங்கியாகிவிட்டது.

நம் மாடி அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏணி போட்டு, கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, கோட்டின் மேல் தேதி எழுதிவிட்டு இறங்கிவிட்டார். பிப்ரவரியில் பத்து நாள் பொட்டு மழை இல்லை. பதினோராம் நாள் பார்த்தால் கறை கோட்டைத் தாண்டி இரண்டு விரல் போயிருந்தது. மழையே இல்லாமல் வளர்கிற கறைக்குக் கூரை எப்படிப் பொறுப்பாகும்? இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார். சொட்டு விழுந்தது ஏர்கான் ஓடும்போது இல்லை. சத்சங்கம் முடிந்து எல்லாவற்றையும் அணைத்து அரை மணி நேரம் கழித்துத்தான்.

அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கூடத்தில் விளக்கு, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அந்தப் புகையில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. வீட்டு ஏர்கான் ஃபில்டரில் படிவது வெறும் தூசி, தட்டினால் போய்விடும். நம் ஃபில்டரில் படிவது கண்மை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. காற்றுப் போகிற வழி அடைபட்டால் காயிலின், அதாவது உள்ளே குளிர்கிற உலோகச் சுருளின், குளிர் வெளியே வர முடியாமல் அங்கேயே தங்கி, காயிலின் மேல் பனிக்கட்டி கட்டுகிறது. ஓடுகிறவரைக்கும் கட்டி அப்படியே நிற்கும். அணைத்ததும் மொத்தமாக உருகி, கீழே இருக்கிற தட்டில் இறங்கும். அந்தத் தட்டிலிருந்து தண்ணீர் போகிற பைப்பும் அடைத்திருந்தால் தட்டு வழிந்து, சுவருக்குப் பின்னால் ஓடி, சீலிங் பலகையில் ஊறும். நமக்கு இரண்டுமே நடந்திருந்தது.

பைப் வெளியே முடிகிற முனையில் ஈரம் உறிஞ்சும் வேக்கத்தை வைத்து, இடைவெளியில் காற்றுப் போகாமல் ஈரத்துணி சுற்றி, மூன்று நிமிடம் இழுத்தார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். தொட்டியைத் திறந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி இறுகிப்போன மாதிரி, பழுப்பும் கறுப்புமாக, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கொழகொழப்பு. அதன் நடுவில் ஒரு பூவிதழ். மேலிருந்து இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை நிதானமாக ஊற்றினால் இப்போது நூல் மாதிரி தடையில்லாமல் ஓடுகிறது.

அதோடு விடவில்லை. மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் பைப் நடுவில் தொய்ந்து கிடந்தது. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் நின்றால் கொழகொழப்பு மறுபடி அங்கேயே வளரும். இரண்டு கிளிப் கூடுதலாக அடித்துத் தூக்கியாயிற்று. பைப்பைச் சுற்றிய கறுப்பு ஸ்பான்ஜ் உறையும் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த பைப் சும்மாவே வியர்க்கும். அந்த உறையை மாற்றாமல் வேறு என்ன செய்தாலும் கறை திரும்பி வரும்.

சீலிங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கறை மேல் நேராக வெள்ளைப் பெயிண்ட் அடிக்க விடாதே. சாதாரணத் தண்ணீர்ப் பெயிண்ட் வழியாக மஞ்சள் மறுபடி மேலே வந்துவிடும். ஒரு வாரமாவது மின்விசிறி வைத்து உலர்த்தி, கறையை அடைக்கிற ஆயில் பிரைமர் ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு சீலிங் பெயிண்ட். விரலால் அழுத்தினால் பலகை அமுங்குகிறது என்றால் அடிக்கவே வேண்டாம், அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு போடு.

இப்போது ஃபில்டர் ஞாயிறுதோறும் கழுவப்படுகிறது. வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், விளக்கு எரிகிற கூடத்துக்குப் போதாது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி. வெந்நீர் ஊற்றினால் சட்டம் கோணிக்கொள்ளும். வெயிலிலும் போடக் கூடாது, நிழலில்தான். ஈரத்தோடு மாட்டினால் அடுத்த நாளே கூடமெல்லாம் ஈரச்சாக்கு வாடை. சாம்பிராணி போடும் இருபது நிமிடம் ஏர்கானை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது பழகிவிட்டது.

இனி என் கவலை. ஃபில்டர் கழுவ ஆள் வரவில்லை, வாசுகி. நவராத்திரி என்றால் கொலு அடுக்க நாற்பது தொண்டூழியர். மாலை கட்ட, கோலம் போட, பரிமாற, எல்லாவற்றுக்கும் போட்டி. பள்ளிப் பிள்ளைகளும் வி.ஐ.ஏ. என்கிற பள்ளிச் சமூக சேவைத் திட்டத்தின் மணிநேரத்துக்காக வந்து நன்றாகவே வேலை செய்கிறார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏணியைப் பிடிக்க இரண்டு பேர் கிடைப்பதில்லை. 2023 பிப்ரவரியில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் குடமுழுக்குக்கு நாம் சேர்ந்து போனோமே, நினைவிருக்கிறதா? கோபுரத்தில் அத்தனை சிலைகளும் புது வர்ணத்தில் நின்றதைப் பார்த்து நீ அழுதுவிட்டாய். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்கிற பெரிய திருப்பணிக்கு ஊரே கூடுகிறது, மனதார. நடுவில் வருகிற அறுநூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யார்?

அண்ணனுக்கு எழுபத்திரண்டு ஆகிறது. இடது முழங்கால் மடங்க மறுக்கிறது. எந்த வால்வைத் திருப்பினால் எந்தக் குழாய் நிற்கும், எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு, பின்வாசல் சாவியை எப்படித் தூக்கித் திருப்ப வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவருக்கு ஒன்று என்றால் நாங்கள் தண்ணீரை நிறுத்தக்கூடத் தெரியாமல் நிற்போம். இதை நினைத்து ராத்திரி தூக்கம் போகிறது.

அதனால் ஒரு தடித்த நோட்டு வாங்கி, எலக்ட்ரிக் பெட்டிக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் போட்டது இரண்டு நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது, நோட்டு போகாது. தேதி, என்ன செய்தோம், யார், என்ன பார்த்தோம். நாலே கட்டம். வால்வுகளில் எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லை தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் முழுதாக மூடித் திறக்கிறோம். சும்மா விட்டால் இறுகி, தேவைப்படும் அன்றைக்குக் கையோடு உடைந்து வரும். அண்ணன் சொல்லச் சொல்ல இரண்டு பையன்கள் எழுதுகிறார்கள். ஒருவன் தேசிய சேவைக்குப் போகப்போகிறவன். அதனால்தான் இரண்டு பேர்.

நீ கேட்டவற்றுக்குச் சுருக்கமாகப் பதில். கேஸ் ரப்பர் குழாயை 2 ஆண்டில் மாற்றுகிறோம், ரெகுலேட்டரை 5 ஆண்டில். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார். குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் போதும், ஆனால் கழுவிய கையோடு துடைக்காவிட்டால் மூட்டுகளில் பச்சை பூக்கும். தரையில் எண்ணெய் கொட்டினால் முதலில் தண்ணீர் விடாதே, அரிசி மாவைத் தூவிப் பத்து நிமிடம் ஊற விட்டுக் கூட்டு.

கொசுவை மட்டும் சுருக்க முடியாது. பூஜைப் பூச்சாடி, செடித் தொட்டித் தட்டு, குப்புறக் கவிழ்க்காத வாளி, இதெல்லாம் தெரிந்ததுதான். தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் தப்பு. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோயும் ஒன்பது மாதம்வரை உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். விளிம்பையும் உள்பக்கத்தையும் நாரால் தேய்க்க வேண்டும், வாரம் தவறாமல். கூரைக் கால்வாயில் இலை அடைத்தாலும் இதே கதை. அங்கே தொண்டூழியர் யாரையும் ஏற்றாதே, எவ்வளவு ஆர்வமாகக் கேட்டாலும். நாங்கள் மாதம் ஒருமுறை பின்பக்க ஜன்னல் வழியாகச் செல்ஃபிக் குச்சியில் கைப்பேசியைக் கட்டிப் படம் எடுக்கிறோம். இலை தெரிந்தால் கயிறும் பாதுகாப்புப் பட்டையுமாக வருகிற ஆட்களைக் கூப்பிடுகிறோம்.

உன் கூடத்து ஏர்கான் பைப்பை இந்த வாரமே பார். உறை கிழிந்திருந்தால் பைப்பின் வெளிச்சுற்றளவை நூல் வைத்து அளந்து எனக்கு அனுப்பு. ஜாலான் புசார் கடையில் வாங்கி வைக்கிறேன். சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணாடி மாமா ஈப்போ வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
இந்து