பால் உற்பத்தியாளர் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, காலையும் மாலையும் தவறாமல் பால் ஊற்றும் உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுத் தாள் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதை வரிவரியாக வாசித்து உங்களைக் கறவை நேரம் வரை உட்கார வைக்கப் போவதில்லை. ஆண்டு முழுக்க என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "அதே மாடு, அதே பால், பணம் மட்டும் ஏன் குறையுது?"

முதலில் விலை. ஆவினின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பர் 5 முதல் 32 ரூபாயிலிருந்து 35 ஆனது, எருமைப்பால் 41-லிருந்து 44. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அறிக்கை ஆண்டில் அதற்கு மேல் ஏற்றம் இல்லை. புண்ணாக்கும் தவிடும் நம்மைக் கேட்டுக்கொண்டா ஏறுகின்றன? கூட்டம் தீர்மானம் போட்டால் மேலே அனுப்பி வைக்கிறேன்.

ஆனால் அந்த 35 ரூபாய் 4.3 சதவீதக் கொழுப்பும் 8.2 சதவீத எஸ்என்எஃப்பும் (கொழுப்பு அல்லாத திடச்சத்து) உள்ள பாலுக்குத்தான். சித்திரை, வைகாசியில் நம் ஊர்ப் பால் எஸ்என்எஃப்பில்தான் சறுக்கியது. வெயிலில் மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது, பச்சை கிடைக்காமல் வெறும் வைக்கோலில் நிற்கிறது. சத்து உள்ளே போகாமல் பாலில் எப்படி வரும்? இதற்காகத் தண்ணீர் கலந்ததாக யாரையும் நாங்கள் சந்தேகப்படவில்லை. அதே சமயம் கலந்தால் தெரியாது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 10 லிட்டரில் 1 லிட்டர் தண்ணீர் விட்டால் 8.2 எஸ்என்எஃப் ஏறத்தாழ 7.5-க்கு இறங்கிவிடும். கொழுப்பும் 4.3-லிருந்து 3.9 ஆகும்.

கொழுப்பு குறைகிறது என்று வந்தவர்களிடம் நான் கேட்டது, கன்றை எப்போது ஊட்ட விடுகிறீர்கள் என்று. பலர் கறந்து முடிக்கும் தறுவாயில் விடுகிறார்கள். மடியில் முதலில் வருவது தண்ணிப்பால், கடைசியில் வருவதுதான் கெட்டி. அந்தக் கெட்டிப் பாலைக் கன்று குடித்துவிடுகிறது, மிச்சம் டெஸ்டுக்கு வருகிறது. கன்றைப் பட்டினி போடச் சொல்லவில்லை. முதலில் ஊட்ட விட்டு, அப்புறம் மடி வற்றக் கறந்தால் போதும்.

இதில் நம் பக்கத் தவறும் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் சில நாட்கள் பால் பரிசோதனைக் கருவியின் குழாயைச் சரியாகக் கழுவாததால் அளவு குறைத்துக் காட்டியது. உறுப்பினர்கள் சத்தம் போட்ட பிறகே கெர்பர் முறையில், அதாவது பாலில் அமிலம் ஊற்றிக் கொழுப்பை அளந்து, சரிபார்த்தோம். அவர்கள் சொன்னதுதான் சரி. அந்த நாட்களுக்கான வித்தியாசம் பால் பணத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. இனி வாரம் ஒருமுறை கெர்பர் சோதனை நடக்கும், யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

பால் அளவைப் பொறுத்தவரை, கோ-4, கோ-5 ரகத் தீவனப் புல் போட்டவர்கள் வீட்டில் கறவை இறங்கவில்லை. 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம், வரப்போரம் கொஞ்சம் இடம் இருந்தால்கூடப் போடலாம். கறவை மாட்டுக்கு உடம்பைத் தாங்கும் தீவனம் போக, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ கலப்புத் தீவனம் வேண்டும். இதைச் சினை மாட்டுக்கும் வற்றிய மாட்டுக்கும் ஒரே அளவாகப் பங்கு போட்டு வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தாது உப்பு சங்கத்திலேயே கிடைக்கிறது. வாங்கிப் போகிறவர்கள் குறைவு.

கோமாரித் தடுப்பூசி முகாம் வழக்கம்போல் நடந்தது. மடிநோய் வந்த மாட்டின் பாலைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். ஒருவர் ஊற்றியதில் முழுக் கேனும் திரிந்து திரும்பி வந்த அனுபவம் நமக்கு இருக்கிறது.

ஆண்டு முடிந்தபின் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெயோடு பால் கேனுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. ஒடுங்கிப்போன கேன்களை மாற்ற இதுதான் நேரம் என்று குழு நினைக்கிறது. அதற்கான ஒப்புதலும் போனஸ் பங்கீடும் அடுத்த பொருளாக வருகின்றன. தலைவர் முன்வைப்பார்.