2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களே, வணக்கம்.

மேற்கு டப்ளினில் இயங்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா ஜனவரியில் நடந்தது. சித்திரைப் புத்தாண்டு மதிய விருந்தோடு முடிந்தது. கோடை ஒன்றுகூடல் மழையால் ஒரு வாரம் தள்ளிப் போனாலும் நல்லபடியாக நடந்தது. தீபாவளிக்கு மண்டபம் நிறைந்தது. தமிழ் வகுப்பு ஞாயிறுதோறும் தடையில்லாமல் நடக்கிறது. செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் வராததால் எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தோம்.

இனி, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளைப் பக்கத்துக் கேலிக் (ஐரிஷ் மரபு) விளையாட்டுக் கழகத்தில் சேர்த்தது பற்றி ஆண்டின் நடுவில் நடந்த கூட்டத்தில் கடுமையாகவே கேட்டார்கள். "தமிழ்ச் சங்கப் பணத்தை ஐரிஷ்காரர் விளையாட்டுக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும்?" என்பதுதான் கேள்வி. அன்று நேரம் இல்லாததால் சுருக்கமாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

இது தொடங்கியது தமிழ் வகுப்பில். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன பேசுவீர்கள் என்று ஆசிரியை பிள்ளைகளிடம் கேட்டார். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "எல்லாரும் சனிக்கிழமை மேட்சைப் பற்றிப் பேசுவாங்க. நான் கேட்டுட்டு நிப்பேன்" என்றான். நான் கடைசி பெஞ்சில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை.

இந்த விளையாட்டுகளின் பின்னணி தெரிந்தால் நான் ஏன் இதில் இறங்கினேன் என்பதும் புரியும். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி கவுண்டியின் தர்ல்ஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் மைக்கேல் கியூசாக், மாரிஸ் டேவின் முதலிய சிலர் கூடி ஆரம்பித்த அமைப்புதான் ஜி.ஏ.ஏ. என்ற கேலிக் அத்லெடிக் அசோசியேஷன். கியூசாக் பள்ளி ஆசிரியர், கிளேர் கவுண்டிக்காரர். டேவின் முதல் தலைவர். அப்போது நாடு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. தங்கள் ஆட்டமும் மொழியும் அழிந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த அமைப்பு இது. கிரிக்கெட், ரக்பி, சாக்கர் ஆடுபவர்களுக்கு அதில் இடமில்லை என்ற தடை 1971 வரை இருந்தது. இன்று ஊர் ஊருக்கு, பங்குக்குப் பங்கு ஒரு கழகம் இருக்கிறது. ஆட்டக்காரர் யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினில் உள்ள அதன் தலைமை மைதானமான குரோக் பார்க்கில் 82,300 பேர் முன்னால் இறுதி ஆட்டம் ஆடியவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போவார், அல்லது மாட்டுப் பண்ணைக்குப் போவார். தன் மொழிக்காகச் சங்கம் வைத்திருக்கும் நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

நம் பக்கத்துக் கழகத்தில் சின்னஞ்சிறுசுகளுக்குச் சனிக்கிழமை காலைப் பயிற்சி, அப்புறம் வயது வாரியாக அணிகள், மேலே பெரியவர்களுக்கான கால்பந்து, ஹர்லிங் அணிகள். இங்கே கால்பந்து என்பது சாக்கர் அல்ல, பந்தைக் கையாலும் பிடிக்கும் கேலிக் கால்பந்து. ஹர்லிங் மட்டையால் பந்தை அடித்து ஆடுவது. பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் கமோகியும் உண்டு. ஹர்லிங்கைப் பெண்கள் ஆடினால் அதற்குப் பெயர் கமோகி. கமோகிக்கு 1904இலும் பெண்கள் கால்பந்துக்கு 1974இலும் தனித்தனி அமைப்புகள் வந்தன. ஜி.ஏ.ஏ.வோடு சேர்த்து மூன்றையும் 2027க்குள் ஒன்றாக்கும் வேலை நடந்து வருகிறது. கமோகி ஆடுபவர்கள் பாவாடை மாதிரியான ஸ்கார்ட்தான் அணிய வேண்டும் என்ற விதியை ஆட்டக்காரிகளே எதிர்த்துப் போராடி, இந்த மே மாதம் ஷார்ட்ஸும் அணியலாம் என்று மாற்றினார்கள். நம் வீட்டுப் பெண்கள் சிலர் சேரத் தயங்கியதற்கு அந்த உடையும் ஒரு காரணம். இப்போது அந்தச் சாக்கு இல்லை.

12 வயது வரை கோப்பையோ புள்ளிப் பட்டியலோ கிடையாது. வந்த பிள்ளை ஒவ்வொன்றும் ஆட வேண்டும், யாரையும் ஓரத்தில் உட்கார வைக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்காகவே நான் இந்தக் கழகத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினொரு பிள்ளைகளோடு போனோம். குளிர் காற்று, புல் முழுக்க ஈரம். கழகத்துப் பெரியவர் ஒருவர் கொட்டகையிலிருந்து ஹர்லி மட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் நிமிர்ந்து நிற்கச் சொன்னார். மட்டையைப் பக்கத்தில் நிறுத்தினால் நுனி இடுப்பெலும்புக்கு வர வேண்டும். அவர் டேப் எதுவும் வைத்திருக்கவில்லை, உள்ளங்கையை வைத்தே அளந்து கொடுத்தார். மட்டை ஆஷ் மரத்தில் செய்தது. அந்த மரங்களை நோய் தாக்கி அழித்துக்கொண்டிருப்பதால் கிளேரில் மூங்கிலிலும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது நம் பெற்றோர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. தரையில் கிடக்கும் ஸ்லிட்டர் பந்தை மட்டையாலேயே அள்ளித் தூக்கி, காற்றில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். கிட்டிப்புள் ஆடிய கைக்கு அது தெரியும். அந்த ஒன்பது வயதுப் பையன் முதல் மூன்று வாரமும் பந்தைத் தூக்கவே முடியாமல் மண்ணைத்தான் கிளறினான். நாலாவது வாரம் பந்து எழும்பியது, 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பி என்னைத்தான் பார்த்தான்.

பற்கள் போய்விடும், தலையில் அடிபடும் என்று அஞ்சியவர்களுக்கு: ஹர்லிங்கில் முகக் கம்பியோடு ஹெல்மெட் 2010 முதல் எல்லாருக்கும் கட்டாயம். கால்பந்தில் பற்காப்பு கட்டாயம். நானும் கார்டா (ஐரிஷ் காவல்துறை) சரிபார்ப்பு, குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி, அடிப்படைப் பயிற்சியாளர் வகுப்பு மூன்றையும் முடித்த பிறகுதான் மைதானத்துக்குள் என்னை விட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வைத்தேன். 2024 கால்பந்து இறுதி ஆட்டத்தின் முடிவைப் பலகையில் எழுதினேன்: ஆர்மா 1-11, கால்வே 0-13. பாதிப் பேர் கால்வே ஜெயித்தது என்றார்கள். முதல் எண் கோல், ஒரு கோலுக்கு 3 புள்ளி. இரண்டாவது எண், குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பி எடுத்த புள்ளி. ஆகவே ஆர்மாவுக்கு 14, கால்வேக்கு 13. இந்த ஆண்டிலிருந்து கால்பந்தில் 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்று உதைத்துக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் 2 புள்ளி. அதையும் சொல்லிக் கொடுத்தேன். ஜூலையில் கெர்ரி டோனிகாலை வென்றபோது நம் வீடுகளில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

செப்டம்பரில் குரோக் பார்க் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். 1920 நவம்பர் 21 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் உள்ளே வந்து சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். ஆடிக்கொண்டிருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகனும் அதில் ஒருவர். அவர் பெயரில்தான் ஹோகன் ஸ்டாண்ட். வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் நம்மோடு வந்திருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் பேரனின் தோளில் கை வைத்தபடி புல்வெளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேருந்து வந்து காத்திருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, செலவுக்கு வருவோம். சங்கம் கொடுத்தது ஹெல்மெட், மட்டைக்கான ஒரு பகுதியும் செப்டம்பர் பேருந்து வாடகையும் மட்டுமே. கழகச் சந்தாவை அந்தந்தப் பெற்றோரே கட்டினார்கள். மொத்தத்தில் மண்டப வாடகை ஏறியதாலும் சந்தா சரியாக வராததாலும் கையிருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

கையிருப்பு குறைந்ததற்கு மைதானம் காரணம் அல்ல, வாடகையும் சந்தா பாக்கியும்தான் காரணம். உறுப்பினர் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. தீபாவளிப் பந்தியில் அவர்களில் பலரைப் பார்த்தேன். பண்டிகை நாளில் கணக்குக் கேட்கக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். நினைவூட்டல் மூன்று முறை அனுப்பினேன், பதில் இரண்டு பேரிடமிருந்து வந்தது. பக்கத்துக் கழகத்தில் ஆண்டுப் பதிவு செய்யாத பிள்ளை களத்தில் இறங்க முடியாது, ஏனென்றால் காயம் பட்டால் காப்பு இல்லை. நாம் யாரையும் வாசலில் நிறுத்தியதில்லை, நிறுத்தவும் எனக்கு மனம் இல்லை. ஆனால் மண்டபக்காரர் நம்மை நிறுத்துவார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போக எட்டுப் பெற்றோர் பெயர் கொடுத்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு மூன்று பேர்தான் வந்தார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து நேரே காரை எடுத்துக்கொண்டு வந்த செவிலியர் சகோதரி அந்த மூன்று பேரில் ஒருவர். மற்றவர்களுக்கு அவரைவிட அதிக வேலை இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கழகத்தில் கோடு போடுபவர், வலை கட்டுபவர், தேநீர் போடுபவர் எல்லாரும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான். அங்கே செயலாளரை ஐரிஷ் மொழியில் ரூனி என்கிறார்கள். அவரும் காலையில் கோல் கம்பங்களைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்.

தலைவர், பொருளாளர், தமிழ் வகுப்பு ஆசிரியைகள், சமையலுக்கு உதவிய தாய்மார்கள், மண்டபத்தைத் துடைத்துக் கொடுத்த இளைஞர்கள், நம் பிள்ளைகளை வாய் நிறைய வரவேற்ற பக்கத்துக் கழகத்தார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இருபது பிள்ளைகளாவது வர விரும்புகிறார்கள் என்று தெரிகிறது. இப்போதிருக்கும் மூன்று கார்களில் அது முடியாது. பொதுக்குழு விரும்பினால் செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் சனிக்கிழமைப் பொறுப்பையும் சந்தா வசூலையும் சேர்த்து நான் ஒருவனே பார்க்க என் வீட்டில் இனி இடம் கொடுக்க மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். தமிழ் வகுப்பு வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு பேர் பெயர் வேண்டும். மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கான இரண்டு இடமும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்