காரின் அடிப்பாகத்தையும் குனிந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் பழைய கார் வாங்குவது பற்றிச் சென்ற ஞாயிறு வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். விலை, காப்புறுதி, மைலேஜ் எல்லாம் இருந்தன. துருவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள் இரும்போடு பழகியவன் என்பதால் எழுதுகிறேன்.

நம் சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான சிஓஇ எனும் உரிமைச் சான்று 10 ஆண்டுக்குத்தான். பெரும்பாலான கார்கள் துருப்பிடிக்கும் முன்பே சாலையை விட்டுப் போய்விடுகின்றன. காரின் அடியைக் குனிந்து பார்க்கும் பழக்கம் நமக்கு வரவே இல்லை. என் மகளுக்கும் வரவில்லை. கனடாவின் ஒட்டாவாவில் 9 வயதான கார் ஒன்றை வாங்கினாள். அடியில் கறுப்பாக, பளபளவென்று ரப்பர் பூச்சு. "புதுசு மாதிரி இருக்குப்பா" என்று படம் அனுப்பினாள். அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சுபோல அமுங்கியது. நல்லவேளை, வீட்டு வாசலிலேயே நடந்தது.

அங்கே போனபோது பின்சக்கரத்துக்கு மேலே அந்தப் பூச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அப்பளம்போல நொறுங்கியது. உள்ளே ஈரம், அடுக்கடுக்காகத் துரு. பிரேக் குழாய் ஓரிடத்தில் வீங்கி, ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. விற்றவர் பழைய துருவின் மேலேயே பூசி மறைத்திருக்கிறார். சுத்தமான புதுத் தகட்டில் பூசினால் அது நல்ல காப்புதான். துருவின்மேல் பூசினால் உப்புநீரை உள்ளே பூட்டி வைப்பதுபோல.

பனி உறையாமலிருக்க அங்கே சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். குளிர் சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது; கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கலந்த கரைசலைத் தெளிப்பார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மழையே இல்லாத நாளிலும் காரின் அடி நசநசவென்றே இருக்கும். அப்புறம், சூடேற்றிய கராஜில் நிறுத்தினால் காருக்கு நல்லது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் பனி உருகி, உப்புநீர் மூலைமுடுக்கெல்லாம் இறங்கி, வெதுவெதுப்பில் துரு வேகமாகப் பிடிக்கும். உறைகுளிரில் வெளியே நிற்கும் காரில் அது மெதுவாகவே நடக்கும்.

பேட்டரியோடு இணைக்கும் துருத்தடுப்பு மின்பெட்டி என்று ஒன்றையும் விற்கிறார்கள். கப்பலில் நாங்கள் செய்வதைப் போன்ற தத்துவம்தான் அது. துருப்பிடிக்காமலிருக்கக் கப்பலின் அடியில் நாங்கள் துத்தநாகக் கட்டி பொருத்துவோம். இரும்புக்குப் பதிலாக அது கரையும். ஆனால் அதற்கு இரும்பு கடல்நீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றில் ஓடும் காருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. காசை வீணாக்க வேண்டாம்.

பலன் தருவது ஆண்டுக்கொரு முறை துருத்தடுப்பு எண்ணெய்த் தெளிப்பு. முதல் பனிக்கு முன், செப்டம்பர், அக்டோபரில், கதவின் உட்புறம், சக்கர வளைவு, பிரேக் குழாய் எல்லாம் நனையும்படி அடிப்பார்கள். ஓரிரு நாள் சொட்டும், பரவாயில்லை. கதவின் கீழ்விளிம்பில் இருக்கும் வடிதுளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைபட்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கும். குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே ஏறும் நாள்களில் அடிப்பாகத்தைக் கழுவிவிட வேண்டும்.

பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோருக்காக இதை வெளியிடுங்கள். கார் பார்க்கப் போகும்போது டார்ச் லைட் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால், விலை பேசுமுன் காரை லிப்டில் ஏற்றி ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை ஊழியர்,
யீஷூன்