இரண்டு சென்ட் மனையும் ஏழரை மீட்டர் விதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவனந்தபுரத்தில் வாடகை வீடு காட்டும் தரகர்கள் 'கிணற்று வெள்ளம் உண்டு' என்பதைப் பெரிய தகுதியாகச் சொல்வார்கள். நாகர்கோவிலிலிருந்தோ தென்காசியிலிருந்தோ புதிதாக வருகிறவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுமோ என்று திகைப்பதும், இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர் என்று தெரிந்ததும் சிரிப்பதும் வழக்கம். ஆனால் மணக்காடு, கரிமடம், கமலேஸ்வரம் போன்ற நெருக்கமான பகுதிகளில் அந்தக் கிணற்று நீரைப் பற்றிச் சிரிக்காமல் பேச வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டர் தூரத்துக்குள் செப்டிக் டேங்க்கோ, கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியோ இருக்கக் கூடாது என்பது கேரளக் கட்டட விதி. கேட்க எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் சங்கடம். ஏழரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 177 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். அப்படியானால் ஒரே ஒரு கிணற்றுக்குத் தேவையான காலியிடம் 4.4 சென்ட். நம் தெருக்களில் மனைகள் இரண்டு சென்ட், இரண்டரை சென்ட். தன் குழியைத் தன் கிணற்றுக்கு எதிர் மூலையில் வைத்து விதியைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு வீட்டுக்காரர் நிம்மதியாக இருக்கலாம். அந்த வட்டத்துக்குள் இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் என்று மூன்று வீட்டுக் குழிகள் இருக்கும். எனவே இது வீட்டுக் கணக்கு அல்ல, தெருக் கணக்கு. இதைத்தான் இந்தக் கடிதத்தில் வலியுறுத்த விரும்புகிறோம்.

தூரம் மட்டும் காப்பாற்றிவிடாது. குழிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே ஈரம் குறைந்த மண் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கிருமியை வடிகட்டுகிறது. கும்பம், மீனம் (மாசி, பங்குனி) மாதங்களில் நீர்மட்டம் தாழ்ந்து கிடக்கும்போது அந்த மண் ஓரளவு வேலை செய்யும். இடவப்பாதி மழையிலும் (வைகாசி நடுவில் தொடங்குவது) துலா மழையிலும் (ஐப்பசி மழை) நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியைத் தொட்டுவிட்டால் இடையில் வடிகட்டி என்று எதுவும் மிஞ்சாது. குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும். கடலோரம் மணல், நீர் வேகமாக நகரும். உள்ளே தள்ளி வெட்டுக்கல் பூமி. அதில் விரிசல் வழியே இன்னும் வேகமாகப் போகலாம். கிணற்றில் நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறும் நாட்களே ஆபத்தான நாட்கள். மக்களோ அப்போதுதான் 'புதுத் தண்ணீர், தெளிவாக இருக்கிறது' என்று தைரியமாகக் குடிக்கிறார்கள்.

செப்டிக் டேங்க் என்று பலர் சொல்வது உண்மையில் செப்டிக் டேங்க்கே அல்ல. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைப் பூசாமல் விட்ட குழி. அதில் எதுவும் தங்கித் தெளிவதில்லை, நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. 'எங்கள் டேங்க் இருபது வருடமாக நிறையவே இல்லை' என்று பெருமைப்படுகிறவர்கள் அது எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும். அடியும் சுவரும் பூசிய, நடுவில் தடுப்புச் சுவர் உள்ள தொட்டிதான் செப்டிக் டேங்க். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு உட்புறம் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், நீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர் என்ற அளவில் கட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சேறு எடுப்பது முறை. மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டதும் ஐந்து பேர் பன்னிரண்டு ஆகிறார்கள், தொட்டி அதேதான். சேறு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தெளிய இடமின்றிக் கழிவு அப்படியே உறிஞ்சு குழிக்குப் போய் அதை அடைத்துவிடும். பிறகு உறிஞ்சு குழியை எத்தனை முறை தோண்டினாலும் பயனில்லை, முதலில் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். சேறு எவ்வளவு என்று பார்க்க, நீளக் கம்பில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து மெல்ல எடுத்தால் கறுத்த உயரம் தெரியும். மூடியைத் திறந்து காற்றாட விட்டு, வெளியில் நின்றபடிதான் பார்க்க வேண்டும். உள்ளே யாரையும் இறக்கவே கூடாது. விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

காலி செய்வதில் இன்னொரு சிக்கல், லாரி தெருவுக்குள் வராது. நான்கடிச் சந்தில் குழாயை மட்டும்தான் இழுத்துக்கொண்டு போக முடியும். குழாய் நீள நீள உறிஞ்சும் வலு குறையும், கெட்டியான சேறு அடியிலேயே தங்கிவிடும், மேல்தண்ணீர் மட்டும் போகும். பணம் கொடுப்பதற்கு முன் கம்பை விட்டு மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2013-இலிருந்து இருக்கிறது. பதிவு பெற்ற லாரி என்றால் அங்கே கொண்டுபோகும். பாதி விலைக்கு நள்ளிரவில் வருகிற லாரி எந்தத் தோட்டில் (ஓடையில்) திறந்துவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாதாளச் சாக்கடை ஓடும் தெருவாக இருந்தால் யோசனையே வேண்டாம், இணைப்பு எடுத்துவிட வேண்டும். ஒரே நிபந்தனை: மொட்டைமாடி மழைநீரை அதில் கோக்கக் கூடாது. அந்தக் குழாய் கழிவுநீருக்கான அளவில் போடப்பட்டது. ஒரு பெருமழையில் பத்து வீட்டு மாடித் தண்ணீர் அதில் விழுந்தால் தாழ்வான வீட்டின் கழிவறை வழியாகவே எல்லாம் மேலே வரும். பழியோ கடைசி வீட்டுக்காரர் தலையில்.

இனி கிணற்றுக்கு மருந்து, அதாவது குளோரின் தரும் பிளீச்சிங் பவுடர், போடுவது. 2025-இல் அமீபிக் மூளைக்காய்ச்சல் பயத்தில் கேரளமெங்கும் கிணறுகளில் குளோரின் போடப்பட்டது. அந்த அமீபா மூக்கு வழியாக ஏறுவது, குடிப்பதால் வருவதல்ல. நெருக்கமான தெருக்களில் கிணற்றால் வருவது மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும். அவற்றுக்கு ஒருமுறை போட்டால் போதாது. அளவு எளியது: கிணற்றின் உள்விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர் வரும். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 1.2 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீர் என்றால் சுமார் 2,260 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கிட்டத்தட்ட 6 கிராம். தெருவெள்ளம் உள்ளே விழுந்திருந்தால் இரட்டிப்பாக 12 கிராம். இங்குள்ள 'சாலை' என்ற கடைத்தெருவில் ஏலக்காய் நிறுக்கும் சிறு தராசில் பொட்டலம் பொட்டலமாக நிறுத்து வைத்துக்கொள்ளலாம். கைப்பிடியாக அள்ளிப் போடுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. நாற்றம் தாங்காமல் இரண்டு நாள் குடிக்க முடியாது, அடுத்த தடவை வீட்டில் யாரும் மருந்து போடவே விடமாட்டார்கள்.

பவுடரை நேராகக் கிணற்றில் தூவக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கயிற்றில் கட்டி இறக்கி, நீருக்குள் ஏற்றி இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் நீர் எடுக்கக் கூடாது. இரவில் போட்டுவிட்டால் காலையில் சரியாக இருக்கும். ஊற்று ஊறிக்கொண்டே இருப்பதால் இரண்டு மூன்று நாளில் மருந்தின் வீரியம் போய்விடும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை தேவை. பவுடரும் புதிதாக இருக்க வேண்டும். கடற்காற்று ஈரத்தில் திறந்து வைத்த பாக்கெட் சில வாரங்களில் வெறும் சுண்ணாம்பு ஆகிவிடும். மூக்கைத் துளைக்காத பவுடரைக் குப்பையில் போடலாம்.

குளோரின் போட்டாலும் குடிக்கும் நீரைக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். இங்கே பதிமுகமோ (நீரைச் சிவப்பாக்கும் மரத்துண்டு) சீரகமோ போட்டுக் காய்ச்சுவது நல்ல பழக்கம், ஆனால் பதிமுகம் வெந்நீரிலேயே சிவந்துவிடும்; நிறம் வந்ததால் கொதித்தது என்று ஆகாது. தளதளவென்று கொதிக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, கொதித்த நீரைச் சீக்கிரம் ஆற்றப் பச்சைத் தண்ணீர் கலப்பது. கல்யாணப் பந்தியிலும் சிறு ஓட்டல்களிலும் இது சர்வசாதாரணம்.

நீரைப் பரிசோதிக்கக் கொடுப்பவர்கள் கிருமி சோதனையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உப்பும் இரும்பும் மட்டும் பார்த்த தாளை வைத்துக்கொண்டு 'நல்ல தண்ணீர்' என்று சொல்லிவிட முடியாது. கிருமிக்கு ஆய்வகம் தரும் சுத்தமான பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. குளோரின் போட்ட மறுநாள் பிடித்த நீர் பொய் சொல்லும். 100 மில்லியில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கடலுக்கு இன்னும் அருகே, பூந்துறை, வலியதுறைப் பக்கம் உப்பும் சேர்ந்துகொள்கிறது. மணலுக்கடியில் நல்ல நீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறக்குறைய நாற்பது அடி ஏறிவர இடம் கிடைக்கும் என்பது கணக்கு. ஆகவே பெரிய மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டாமல், சிறிய மோட்டாரைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஓட்டலாம். நீரை உறிஞ்சும் குழாயின் நுனியில் உள்ள ஃபுட் வால்வை அடிமட்டத்தில் விடாமல் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டடியில் நிறுத்தலாம்.

மாநகராட்சியிடம் கேட்பது இரண்டு. மாடி கட்ட அனுமதி கேட்கும் வரைபடத்தில் சொந்த மனைக் கிணறு மட்டுமல்ல, ஏழரை மீட்டருக்குள் வரும் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் குழிகளும் குறிக்கப்பட வேண்டும். அவற்றைச் சேர்த்தால் ஒவ்வொரு வார்டுக்கும் தெரு வரைபடம் தானாகவே உருவாகும். சந்துக்குள் நுழையும் சிறிய கழிவு வண்டி, தெருவாரியாக முறைவைத்து, இடவப்பாதிக்கு முன்பே மேடத்தில் (சித்திரையில்) வர வேண்டும். மழை தொடங்கியபின் தொட்டியைக் காலி செய்தால், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தில் வெறும் தொட்டி மிதந்து எழும்பவோ விரிசல் விடவோ வாய்ப்பு உண்டு.

இப்படிக்கு,
மணக்காடு பகுதித் தமிழ் வாசகர்கள்,
திருவனந்தபுரம்