முதலில் மைக் வாங்குங்கள், கேமரா அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரில் மாணவர்களின் தமிழ்க் குறும்படத் திரையிடல் ஒன்றுக்குப் போயிருந்தேன். காட்சிகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் பாதிப் படங்களில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே காதில் விழவில்லை. கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்துத்தான் கதையைப் பிடித்துக்கொண்டேன். தமிழ் கேட்கப் போய் ஆங்கிலம் படித்துவிட்டுத் திரும்பியது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

நான் 22 ஆண்டுகளாக மின்பராமரிப்பு வேலை பார்ப்பவன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகள் சென்ற ஆண்டு மூன்று தோழிகளுடன் குறும்படம் எடுத்தபோதுதான் இதிலெல்லாம் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. தீபாவளி அங்பாவ் (உறையில் போட்டுத் தரும் அன்பளிப்புப் பணம்) சேர்ந்து அவர்கள் கையில் 320 வெள்ளி இருந்தது. “இன்னும் 600 வெள்ளி கொடுங்கப்பா, பழைய கேமரா ஒன்று வருகிறது” என்றாள். முதலில் உன் கைப்பேசியில் ஒரு காட்சி எடு, கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் எடுத்தாள். மின்விசிறி இரைந்தது, குளிர்பதனப் பெட்டி உறுமியது, மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டது. அவள் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் குரலை அப்படித் திருப்பி அடிக்கும். எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் அது மாறாது. அதன் பிறகு அவள் கேமராப் பேச்சை எடுக்கவில்லை.

சட்டையில் குத்தும் மைக் இரண்டு வாங்கினோம். “எல்லாப் போனுக்கும் பொருந்தும்” என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து செருகினால் ஒன்றும் பதிவாகவில்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் இரண்டு கறுப்பு வளையங்கள்தான் இருந்தன. அது கேமராவில் செருகுவது. கைப்பேசியின் வட்டத் துளைக்கு மூன்று வளையம் உள்ள பிளக் வேண்டும். தனியாக இணைப்பி வாங்கியபின் சரியாகிவிட்டது. புதிய கைப்பேசிகள் பலவற்றில் அந்தத் துளையே கிடையாது என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே செருகிப் பேசிப் பாருங்கள்.

மைக்கும் இணைப்பியும் 68 வெள்ளி. பெனின்சுலா பேரங்காடியில் பழைய கேமரா முக்காலி ஒன்று 45. (பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்படாமல் இருந்திருந்தால் அங்கேதான் முதலில் தேடியிருப்பேன்.) சிறிய எல்இடி விளக்கு இரண்டு 70. ஈரச்சந்தை மீன் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த வெள்ளைப் பெட்டி மூடியைச் சன்னலுக்கு எதிரே பிடித்தோம், முகத்தின் இருண்ட பக்கம் தெளிந்தது. படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமானதாக இருந்தது. மிச்சப் பணத்தில் பெரும்பகுதி நடிக்க வந்தவர்களின் சாப்பாட்டுக்குப் போனது.

மேல்வீட்டில் உடைப்பு வேலை இருக்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமையில் எடுத்தோம். சுவரோரம் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்தினோம். பெட்டியை மறுபடி போட மறந்துவிடக் கூடாது என்று வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்தாள் மகள். வெளியே கிளம்பும்போது சாவிக்காகத் திறந்துதானே ஆக வேண்டும்! மைக்கை இன்னொரு கைப்பேசியில் செருகி நடிப்பவரின் சட்டைப்பையில் வைத்தோம். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒருவர் கை தட்டுவார். அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்திக்கொண்டார்கள். வியர்வை கொட்டியது. ஆனால் பாட்டியாக நடித்த அண்டைவீட்டு அம்மா “பழம்” என்று சொன்னபோது அந்த ‘ழ’ துல்லியமாகக் கேட்டது.

ஒரே ஒரு சிக்கலில் என் தொழில் உதவியது. இரவில் புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்தபோது திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஊர்ந்தன. கைப்பேசி பழுது என்று பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்று குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கைப்பேசி வழக்கமாக நொடிக்கு 30 படம் எடுப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் நொடிக்கு 25 படம், ஷட்டர் (ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம்) 1/50 நொடி என்று மாற்றியதும் கோடுகள் மறைந்தன.

குறும்படப் போட்டி நடத்தும் தமிழ் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். முதல் பரிசில் ஒரு சிறு பகுதியைக் குறைத்தாலும் பரவாயில்லை, நான்கைந்து மைக், இணைப்பிகள், ஒரு முக்காலி ஆகியவற்றைப் பெட்டியில் போட்டுச் சமூக மன்றங்கள் வழியாக இரவல் கொடுங்கள். கைப்பேசியில் எடுத்த படமும் ஏற்கப்படும் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். பணம் இல்லை என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளும் பெயர் கொடுப்பார்கள். அப்படி ஒரு பெட்டி வந்தால் எங்கள் இரண்டு மைக்கையும் முக்காலியையும் அதற்குக் கொடுத்துவிட மகள் சம்மதித்திருக்கிறாள். இணைப்பிகளைச் சோதித்து ஒழுங்காக வைத்திருக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்பராமரிப்பு ஊழியர் ஒருவர்,
ஈசூன்