இராயபுரம் நிலையச் சுவருக்குச் சிமென்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு,

இராயபுரம் ரயில் நிலையத்தை இந்தியாவின் முதல் நிலையம் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16-லேயே வண்டி ஓடிவிட்டது. ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் அன்றைய கட்டடம் இன்று இல்லை. 1856 ஜூன் 28-இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த இராயபுரம் கட்டடம் இன்னும் நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை சுமார் 100 கி.மீ. போனது. 1873-இல் சென்ட்ரல் வந்தபின் இதன் மவுசு மெல்லக் குறைந்தது. கட்டடம் தப்பிப் பிழைத்ததே அதனால்தான் என்பது என் எண்ணம்.

அப்படித் தப்பியதைப் பழுதுபார்க்கிறோம் என்று கெடுத்துவிடக் கூடாது. அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. கடற்காற்றின் உப்பும் சேர்ந்து உள்ளேயே தங்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் அடிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். பூச்சைப் பெயர்த்தால் செங்கல்லும் மாவாக உதிரும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

பழைய சிமென்ட் எங்கே இருந்தாலும் மெஷின் வைக்காமல் உளியால் மெதுவாகக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் சந்துகளை ஓர் அங்குலம் சுரண்டி, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு வெந்து பொடியாகும்படி நீற்றிச் சலித்து, குறைந்தது பத்து நாள் தண்ணீரில் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் பூசிய பிறகு சுவரிலேயே பொங்கிக் கொப்புளம் கொப்புளமாகத் தெறிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். உப்பு மணல் ஆகவே ஆகாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூச வேண்டும். சாக்குப் படுதா கட்டி, வெயில் படாமல் ஈரம் காக்க வேண்டும். சிமென்டைப் போல மறுநாளே இறுகாது. காற்றை வாங்கி மாதக்கணக்கில்தான் இறுகும்.

சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்தால் இலையை மட்டும் கிள்ளுவது வீண். வேர் உள்ளே பருத்து விரிசலை அகலமாக்கும். வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

அடுத்த பராமரிப்பு டெண்டரில் ‘சுண்ணாம்புக் கலவை மட்டும்’ என்று ஒரு வரி சேர்க்கும்படி ரயில்வே நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டட மேற்பார்வையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.